குரைப்பு எங்கே தொடங்குகிறது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாளா! தூக்கி வைத்துக் கொஞ்சிய பிள்ளை. இங்கே எல்லோரும் நலம். என் கண்ணாடியின் பவர்தான் கூடியிருக்கிறது.

இரவு முழுக்கப் பதிவான ஒலியில் நாய் எப்போது குரைத்தது என்று கணினியே சொல்லுமா என்று கேட்டிருந்தாய். சொல்லும். நானும் இப்போது அந்த வேலையில்தான் மூழ்கியிருக்கிறேன், மவுஸைத் தொடாமல், கட்டளைகளாலேயே.

எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, காணொளி மாற்றும் நிரல் ஒலியை ஒற்றைச் சேனலாக, நொடிக்கு 16,000 சாம்பிளாக (ஒலி அலையை அளந்த எண்களாக) மாற்றிக் குழாயில், அதாவது ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குக் கொடுக்கும் வழியில், விடுகிறது. ஒரு சின்னப் பைத்தான் நிரல் அவற்றை வாங்கி யாம்நெட்டிடம் கொடுக்கிறது. கூகுளின் ஆடியோசெட் என்ற, பெயரிட்ட ஒலித்துண்டுகளின் தொகுப்பில் பயின்ற மாடல் அது. 0.96 நொடித் துண்டைக் கேட்டு 521 வகை ஒலிகளுக்கு மதிப்பெண் போடும், 0.48 நொடி நகர்ந்து அடுத்த துண்டுக்குப் போகும். ஒரு சாம்பிளுக்கு 16 பிட், அதாவது 2 பைட், என்றால் ஒரு நொடிக்கு 32,000 பைட் வர வேண்டும், அதை மட்டும் எண்ணிப் பார்த்துக்கொள். வெறும் எண்களில் சாம்பிள் வேகம் எழுதியிருக்காது. 44,100 வேகத்தில் வந்தாலும் எந்த நிரலும் முறையிடாது; குரைப்பு இழுபட்டுக் கனத்துப்போய், மாடல் எதையோ உளறும்.

இதுவரை எளிது. மதிப்பெண்ணிலிருந்து நிகழ்வைப் பிரித்தெடுப்பதில்தான் உயிர் போகிறது. ஒரே நாயின் தொடர் குரைப்புக்கு 0.7, 0.3, 0.6 என்று வருகிறது என்று வை. வரம்பு 0.5 என்றால் அது இரண்டு நிகழ்வாக உடைந்துவிடும். அதனால் இரண்டு வரம்பு வைக்கிறேன்: 0.5-ஐத் தாண்டினால் தொடக்கம், 0.2-க்குக் கீழே இறங்கினால்தான் முடிவு. ஒரு வகைக்குப் பொருந்தும் வரம்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. போதாக்குறைக்கு 'விலங்கு', 'நாய்', 'குரைப்பு' மூன்றும் ஒன்றாக ஏறும். நான் கடைசியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முடிவில் கிடைப்பது தொடக்கம், முடிவு, பெயர் கொண்ட வரிகள். வரிகளில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டால் குரைப்பு மட்டும் நிற்கும். நேரடியாக மைக்கிலிருந்து கேட்பதானால் பைத்தானை '-u' போட்டு ஓட்டு. இல்லாவிட்டால் வரிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாகக் கொட்டும்.

உன் பதிவில் ஒரு மணி நேரத்தை வெட்டி அனுப்பு. நீயே காதால் கேட்டு, குரைப்பு தொடங்கி முடியும் நேரங்களையும் குறித்து அனுப்பு. அது இல்லாமல் வரம்புகளைச் சரிபார்க்க முடியாது.

அன்புடன்,
மணி