ஆண்டறிக்கை: எதனால் சாகும்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எழுந்த ஒரு குறையிலிருந்துதான் இந்த ஆண்டின் வேலை தொடங்கியது. ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையாகவே நாம் ஆடும் ஆட்டங்களில் எந்தப் பூதம் வந்தாலும் சண்டை ஒரே மாதிரி போகிறது, பகடையை உருட்டி ஹிட் பாயிண்டை, அதாவது உயிர்ப் புள்ளியை, கழிப்பதோடு சரி என்று புதியவர்கள் வருத்தப்பட்டார்கள். நியாயம்தான். ஆகவே மாதக் கூட்டங்களை 'எதனால் சாகும்?' என்ற ஒரே கேள்விக்கு ஒதுக்கினோம்.

முதலில் ரத்தக்காட்டேரி. வெயில் பட்டால் அழிந்துபோகும் என்பது பழங்கதை என்றே பலரும் நினைத்திருந்தோம். 1897இல் வந்த நாவலில் டிராகுலா பகலில் நடமாடுகிறான், சக்திதான் குறைவு. வெயிலில் மறைந்து சாவது 1922இல் வெளியான நோஸ்ஃபெராட்டு படத்தின் கைவரிசை. கிழக்கு ஐரோப்பிய நாட்டார் கதைகளில் வேறொரு வழி இருக்கிறது: வழியில் தானியத்தை இறைத்துவிட்டால் அது ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றுவிடும். அடுத்த ஆட்டத்திலேயே ஒரு குழு வாளை உருவாமல் தானியப் பையை அவிழ்த்துத் தப்பித்தது. அப்புறம் ட்ரோல் என்ற வடநாட்டுப் பூதம். நார்வே கதைகளில் வெயில் பட்டால் கல்லாகிவிடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்கும் விளையாட்டில் அதற்கு வெட்டிய காயம் தானே ஆறும், நெருப்போ அமிலமோ வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டோம். எது எந்த ஊர் ட்ரோல் என்பதை ஆட்டத்துக்குள் ஊர்க்காரர்களிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதிகக் கூட்டமும் அதிகச் சத்தமும் ராட்சசர் கூட்டத்தில்தான். அதே விளையாட்டுக்கு 1977இல் வந்த பூதக் கையேடான மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசனுக்குப் புலித் தலை, உள்ளங்கைகள் பின்பக்கம் திரும்பியிருக்கும், வாயில் புகைக் குழாய் வேறு. மந்திரித்த கிராஸ்போ (விசைவில்) அம்பு பட்டால் செத்துவிடுவான். இவற்றில் அந்த அம்பு 1970களின் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலிருந்து வந்தது. கும்பகர்ணனையும் விபீடணனையும் கேட்டு வளர்ந்தவர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில், மாரீசன் மானானதுபோல எந்த உருவமும் எடுக்கலாம், புலித் தலை கட்டாயமில்லை என்று முடிவானது. திரும்பிய கை மட்டும் நீடிக்கும். வேடம் போட்டவனைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல தடயம் ஏது?

என் கணக்கில் இந்த ஆண்டின் உச்சம் இரணியன் கூட்டம். மனிதனாலும் விலங்காலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது. அந்தி நேரத்தில், வாசற்படியில், நகத்தால் கதை முடிகிறது. ஆட்டத்துக்கென்றே செய்தது போன்ற புதிர் இது. உறுப்பினர்கள் ஆளுக்கொரு வரம் எழுதி ஒரு அரக்கனை உருவாக்கி வந்தார்கள். பாதிப் பேர் ஓட்டையே இல்லாத வரம் எழுதிவிட்டார்கள். அவர்களின் அரக்கர்களோடு ஆட விளையாட்டாளர்கள் மறுத்துவிட்டதால் திருத்தி எழுத வேண்டியிருந்தது. வரத்தின் ஓட்டை குறித்துக் குறைந்தது மூன்று தடயங்கள் கதையில் கிடக்க வேண்டும் என்பது இப்போது நம் விதி.

நடுவில் ஒரு கூட்டம் வெறும் சிரிப்பில் போனது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வரும் ஆந்தைத் தலைக் கரடியும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும் மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. பழங்கதை இல்லாததால் பழைய பலவீனமும் இல்லை. கவசம் போட்டவர் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தருவதில் தாமதம் தொடர்கிறது. வைத்திருப்பவர்கள் இன்றே தந்தால் நல்லது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது, கொல்லவே தேவையில்லாத உயிர்கள். வேதாளத்திடம் வாளுக்கு வேலையில்லை, அது கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும், புதிர் போடும் கிரேக்கக் கதை ஸ்பிங்க்ஸும் அப்படியே. இதற்கான கதைகளைத் தொகுக்க இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்