எஃப்சி என்றதும் ஏறும் கூலி

ஆசிரியர் அவர்களுக்கு,

எஃப்சி (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) இல்லாமல் ஓடிய சரக்கு வண்டிகளைப் பிடித்து அபராதம் போட்ட செய்தியை உங்கள் நாளிதழில் பார்த்தேன். பிடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் குட்டியானை எனும் சின்ன சரக்கு வண்டி ஒன்றை மட்டும் வைத்துப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்கள் எஃப்சியைத் தள்ளிப்போடுவது அரசுக் கட்டணத்துக்குப் பயந்து அல்ல, அதற்கு முன்னால் வரும் ஒர்க்‌ஷாப் செலவுக்குப் பயந்துதான்.

சரக்கு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடாவருடம் எஃப்சி எடுக்க வேண்டும். எடுக்காமல் ரோட்டில் இறங்க முடியாது என்பது ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சாதாரண நாளில் போனால் ஒரு கூலி, எஃப்சிக்கு என்று சொன்னால் வேறு கூலி. போன முறை ஒருவர் 9,000 ரூபாய் என்றார், அதே ரோட்டில் இன்னொருவர் அதே வண்டிக்கு 22,000 கேட்டார். இரண்டு பேருமே ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கவில்லை, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள், அவ்வளவுதான்.

குறைவாகச் சொன்னவரிடமே விட்டேன். பின் பிரேக் ஷூ மாற்றாவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) திருப்பி அனுப்பிவிடுவார் என்றார், சரி என்றேன். கழற்றிய பழைய ஷூவைக் கேட்டதும் கடைப்பையன் மூலையில் கிடந்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். அது ஆட்டோவுடையது, அளவைப் பார்த்தாலே தெரிகிறது!

பாடி வேலை இதைவிட மோசம். ஸ்குரூடிரைவரால் குத்தினால் ஓட்டை விழுகிற அளவுக்குத் துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்து வெல்டிங் வைக்காமல், மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்து ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். (எஃப்சி அன்று மட்டும் நல்ல டயரை மாட்டிவிட்டு, முடிந்ததும் மொட்டை டயருக்கே திரும்புகிறவர்களும் உண்டு. அதில் ஒர்க்‌ஷாப்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது, கேட்பது நாம்தானே.)

நல்ல மெக்கானிக் இல்லாமல் இல்லை. ஸ்டாண்டில் விசாரித்து இப்போது நான் போகிறவர், பிரேக் டிரம்மைக் கழற்றி லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் பேசுவார். என்னென்ன சாமான் என்று சீட்டில் எழுதிக் கொடுத்து நம்மையே வாங்கி வரச் சொல்வார், கூலி மட்டும் அவருக்கு. இது இன்னும் ஓடும், மாற்ற வேண்டாம் என்று சொல்கிற மனிதர். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும், கடன் வாங்கி முதல் வண்டி எடுத்தவருக்கும் இப்படி ஒருவரை யார் காட்டுவார்கள்?

அதனால் போக்குவரத்துத் துறைக்கு உங்கள் வழியாக ஒன்று கேட்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62-வது விதியிலேயே அட்டவணை இருக்கிறது: முகப்பு விளக்கு, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்டியரிங் என்று. அதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு ஆர்டிஓ அலுவலக வாசலிலும் போர்டாக வைக்கலாமே. எஃப்சி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்கிறது. ஆனால் எங்களுக்குக் கிடைப்பது புரோக்கர் வாயால் சொல்லும் "பெயிண்ட் பத்தாதாம்" மட்டும்தான். அந்தத் தாளைக் கேட்காமலே கொடுக்கச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஒர்க்‌ஷாப்பிலும், இதை மட்டும் செய்யுங்கள் என்று பேசிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு சரக்கு வாகன உரிமையாளர்,
திண்டுக்கல்