‘இல்லை’ நோட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழில் தொடங்குவோருக்கான முகாம் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. என் அண்ணன் மகனும் அப்படி ஒரு முகாமுக்குப் போய்வந்தான். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு மானியம் என்று மனப்பாடமாகச் சொல்கிறான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம். நல்லதுதான். ‘யாருலே வாங்குவா?’ என்று கேட்டேன். முழிக்கிறான்.

அருமனைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில்தான் பிழைப்பு. ‘இல்லை’ என்று நான் திருப்பி அனுப்புகிறவர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னது என் வீட்டுக்காரி. தேதி, என்ன கேட்டார், எதற்குக் கேட்டார், அவ்வளவுதான்.

2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தது. ரப்பர் தோட்டமெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. அந்த வாரம் நோட்டில் பக்கம் பக்கமாக ஒரே வரி: மரம் அறுக்கும் மெஷின், வாடகைக்கு. வட்டிக்குப் பணம் எடுத்து இரண்டு மெஷின் வாங்கினேன். பொங்கல் கழிந்ததும் கேட்டு வர ஆளில்லை. ஒன்றைப் பாதி விலைக்குத் தள்ளினேன். மற்றது இப்போதும் பரணில் சாக்கு சுற்றிக் கிடக்கிறது.

அதே நோட்டில் இன்னொரு வரி வருஷா வருஷம் தை பிறந்ததும் வரும்: தேனீப்பெட்டி வைக்க இரும்புக் கால். ஒரு வருஷம் மூன்று பேர், மறுவருஷம் ஐந்து பேர், எல்லாம் வேறு வேறு ஆட்கள். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது அந்தத் தளிரின் காம்பில்தான் தேன் ஊறும். அதற்குள் பெட்டியைத் தோட்டத்தில் இறக்கியாக வேண்டும். மெஷினுக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால் இந்த ஐந்து பேர் என் கண்ணில் படவே இல்லை.

கேட்டவர்களில் ஒருவருடைய தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். மரக்குச்சி நட்டு அதன்மேல் பெட்டி. எறும்பு ஏறாமலிருக்கக் குச்சியில் வேஸ்ட் ஆயில் நனைத்த துணி. குச்சியின் அடி கறையான் அரித்து ஒரு பெட்டி சாய்ந்தே நின்றது. “வருஷம் தவறாம குச்சி மாத்தியேன் அண்ணாச்சி” என்றார். ஆள் கூலியும் குச்சி விலையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் இரும்புக் காலின் விலையை இரண்டே வருஷத்தில் அவர் குச்சிக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்!

முதலில் பத்து கால் அடித்தேன். குழாயின் நடுவில் ஒரு கிண்ணம், அதில் ஆயில். ஆனி மழையில் கிண்ணத்தில் தண்ணீர் நிறைந்து ஆயில் வழிந்தோடிவிட்டது. பத்தையும் திரும்ப வாங்கி, கிண்ணத்துக்கு மேலே குடை மாதிரி ஒரு தகரம் கவிழ்த்து வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். இப்போது கார்த்திகையிலேயே ஆர்டர் வந்துவிடுகிறது. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு புதிதாகப் பெட்டி வைக்கிறவர்களும் வருகிறார்கள்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். திட்ட அறிக்கை எழுதச் சொல்லித்தரும் நாட்களில் ஒன்றைக் குறைத்து, பிள்ளைகளை ஏதாவது ஹார்டுவேர் கடையிலோ உரக்கடையிலோ கல்லாப் பக்கத்தில் நிற்க விடுங்கள். வாங்காமல் திரும்பிப் போகிறவர்களை மட்டும் எழுதி வரட்டும்.

அண்ணன் மகன் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். இந்த ஆவணியில் புதிதாக ஒரு வரி மூன்று முறை வந்திருக்கிறது. அது என்னவென்று பத்திரிகையில் எழுதுவதாக இல்லை.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர்,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்