பாசத்துல போட்ட கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்ளாட்சி செய்தி வர்றப்பெல்லாம் "பேருக்குத்தான் மனைவி தலைவர், அதிகாரம் பண்றது புருஷன்"னு எழுதறீங்க, அது உண்மைதான், ஆனா அந்த பொம்பளை ஏன் சும்மா இருந்தான்னு யாரும் கேக்கறதில்லைங்க. அப்படி இருந்தவ நான், அதான் எழுதறேன்.

2016-ல உள்ளாட்சியில பெண்களுக்கு இருந்த 33 சதவீத இடஒதுக்கீட்டை 50 ஆக்கினாங்கல்ல, அதுல எங்க ஊராட்சித் தலைவர் பதவி லேடீஸ்க்குன்னு ஆயிடுச்சு. பத்து வருஷமா அந்த பதவிக்காக அலைஞ்ச எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு சாப்பிடக்கூட இல்ல. மறுநாள் காலையில அவரே காபி போட்டு கொண்டு வந்து "நீ நில்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்"னாரு. கல்யாணமாகி பதினாலு வருஷத்துல அவர் கையால நான் குடிச்ச முதல் காபிங்க அது, வேற என்ன சொல்ல முடியும், சரின்னேன். 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்துச்சு, ஜெயிச்சேன்.

அதுக்கப்புறம் விடியறதுக்குள்ள திண்ணை பூரா ஆளு. தீர்மான நோட்டையும் செக்கையும் அடுப்படிக்கே கொண்டு வருவாரு, நான் மாவு கையை முந்தானையில துடைச்சிட்டு அவர் விரல் வச்ச இடத்துல போட்டுடுவேன். செக்ல துணைத்தலைவரும் கையெழுத்து போடணும், அவர் ஒவ்வொன்னையும் படிச்சிட்டுதான் போடுவாரு. நான் பி.காம் படிச்சவ, படிச்சுப் பாத்தா நம்பலைன்னு நெனச்சுக்குவாரோன்னே படிக்கல.

2022 ஆகஸ்ட் 15 கிராம சபையில ஒரு பாட்டி எழுந்து தண்ணி வரலன்னு சொல்லி "தலைவரம்மா, நீ சொல்லு தாயி"ன்னாங்க. மோட்டார் எரிஞ்சு பதினோரு நாள் ஆச்சு, நானும்தான் குடம் தூக்கறேன், எனக்கு தெரியாதா? மைக்கை வாங்கி வாயை திறக்கறேன், அவர் சிரிச்சிக்கிட்டே என் கையில இருந்து புடுங்கிட்டாரு. ராத்திரி கேட்டதுக்கு "ஓட்டு என் மூஞ்சிக்கு விழுந்தது"ன்னாரு. மறுநாளே நான் தனியா பஸ் ஏறி பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் போய் புது மோட்டாருக்கு மனு குடுத்துட்டு வந்தேன், மூணு மாசம் என்கூட பேசலைங்க. கெட்ட மனுஷன் இல்ல, எனக்கு டைபாய்டு வந்தப்ப ஆஸ்பத்திரியில ஒம்போது நாள் தரையில படுத்துக் கிடந்தவர், அதனாலதான் ரொம்ப வலிச்சுது.

2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சு ஊராட்சி நிர்வாகம் தனி அலுவலர்னு ஒரு அரசு அதிகாரி கைக்கு போனதும் திண்ணை காலி. மறுபடி எங்களோட உக்காந்து சாப்பிடறாரு, சின்னவளுக்கு கணக்கு சொல்லித் தர்றாரு.

உங்க நிருபருங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஊராட்சிக்கு வந்தா தலைவர்கிட்டயே நேரா கேளுங்க, பக்கத்துல நிக்கறவர் பதில் சொன்னா எழுதிக்காதீங்க, அவ பேசற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க.

போன வாரம் "அடுத்த தேர்தல்லயும் நிக்கறியா"ன்னு கேட்டாரு. நிக்கறேன், ஆனா நோட்டும் செக் புக்கும் என் பீரோவுலதான் இருக்கும், படிக்காம கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிட்டேன். இன்னும் பதில் சொல்லல.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவர்