அலுமினியம் வெள்ளையாகத்தான் அரிக்கும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்றுதான் கை ஒழிந்தது. "விமானத்தில் துரு தேடுவதுதான் வேலையா?" என்று கேலி செய்திருந்தாய். துரு இரும்புக்குத்தானடா. அலுமினியம் சிவக்காது, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். வெளியே பூத்தால் அவ்வளவு கவலையில்லை. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி பசையால் ஒட்டி ரிவெட் ஆணி அடித்த லேப் ஜாயின்ட்டுக்குள் ஈரம் புகுந்து, நடுவில் அரிக்கத் தொடங்கினால்தான் வம்பு. அந்தப் பொடி, தான் தின்ற உலோகத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். தகடு ரிவெட்டுகளுக்கு நடுவே தலையணை மாதிரி லேசாக உப்பிவிடும். சாய்வாக டார்ச் அடித்தால் சில சமயம் கண்ணுக்கே தெரியும்.

அதற்கும் முன்பே பிடிக்க எட்டி கரண்ட்தான் எங்களுக்குக் கைகொடுப்பது. சின்னக் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் விட்டுத் தகட்டின் மேல் நகர்த்தினால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும், உள்ளே உலோகம் மெலிந்திருந்தால் அது மாறும், திரையில் புள்ளி விலகும். அதிர்வெண்ணைக் கூட்டினால் மேல்தோல் மட்டும்தான் தெரியும். இரண்டாவது தகட்டை எட்டிப் பார்க்கக் குறைக்க வேண்டும், குறைத்தால் சின்னச் சேதம் மங்கிப்போகும். இதில் இன்னொரு தொல்லை, தகடுகளுக்கு நடுவே இடைவெளி கூடினாலும் புள்ளி விலகும். போன மாதம் அப்படித்தான் அரிப்பு என்று அடித்துச் சொல்லி, ரிவெட்டையெல்லாம் கழற்ற வைத்தேன். உள்ளே இடுக்கை அடைக்கும் சீலன்ட் பூச்சு கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்! மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதும்.

மீயொலி விட்டுப் பார்க்கும் அல்ட்ராசோனிக் இருக்கிறதே என்பாய். ஜெல் தடவி வைத்தால் முதல் தகட்டின் கனத்தை அழகாகச் சொல்லும், ஆனால் நடுவில் பசை விட்டுப்போயிருந்தால் ஒலி அந்தக் காற்றைத் தாண்டாது, அடுத்த தகட்டைப் பற்றி மூச்சு விடாது. எக்ஸ்ரேயும் உண்டு, அதற்குக் கதிர் யார் மேலும் படாமலிருக்க விமானம் நிற்கும் ஹேங்கர் கொட்டகையையே காலி செய்ய வேண்டும்.

அலோஹா ஏர்லைன்ஸின் 243-ஆம் விமானத்தின் கதை உனக்குத் தெரியும்தானே? 1988 ஏப்ரல் 28, ஹவாய். 24,000 அடி உயரத்தில் அந்த போயிங் 737-இன் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது, பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். அதற்குள் அது கிட்டத்தட்ட 90,000 முறை பறந்து இறங்கியிருந்தது. லேப் ஜாயின்ட்டில் பசை விட்டு, அரித்து, ரிவெட் துளைகளில் விரிசல். விமானத்துக்குள் ஏறும்போதே ஒரு பயணி அந்த விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அதைப் படித்ததிலிருந்து கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் டார்ச்சோடு ஒரு சுற்று வந்துவிடுகிறேன், கூட இருக்கும் பையன்கள் சிரிக்கிறார்கள்.

அப்புறம், உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஸ்கேன் எடுத்தாயா இல்லையா, அதை எழுது முதலில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்