நூல் தர மறுத்த ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் மூடிவிட்ட பனியன் கம்பெனியின் கடன் பாக்கியில் கடைசித் தவணையைக் கொண்டுபோய் பஞ்சு நூல்கடையில் கொடுத்தேன். ஐயா பணத்தை எண்ணவில்லை. டிராயரைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து என் பக்கம் தள்ளினார். உள்ளே என் பழைய செக். தேதி கிடையாது, தொகை கிடையாது, கீழே என் கையெழுத்து மட்டும். 2019ல் கடனுக்கு நூல் எடுக்கும்போது நம்பிக்கைக்காகக் கொடுத்து வைத்தது. “கிழிச்சுப் போட்ருங்க தம்பி” என்றார். நான் கிழிக்கவில்லை. வீட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அன்று இரவு உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், மீதிப் பேரை நான் கேட்கவே இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

என்ன நடந்தது என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், திருப்பூருக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக. டெய்லருக்கு எடுபிடியாக, கைமடிப் பையனாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டராகி, 2009ல் நாலு மெஷின் போட்டு ஆரம்பித்தவன் நான். 2022ல் மெஷின் 22, ஆட்கள் 34. குழந்தைகள் டி-ஷர்ட், வடக்கே மொத்த வியாபாரிகளுக்கு. இந்த வியாபாரத்தில் நூலுக்குப் பணம் முன்னால் போகும், அனுப்பிய சரக்குக்குப் பணம் 90 நாள், 120 நாள் கழித்து வரும், அதிலும் தையல் சரியில்லை, கலர் சரியில்லை என்று பணத்தில் பிடித்துக்கொள்ளும் ஒரு டெபிட் நோட் கூடவே வரும். நடுவில் இருக்கிற பள்ளத்தை, ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் ரொட்டேஷனில் நிரப்ப வேண்டும்.

2021 கடைசியில் விலை பேசி ஆர்டர் எடுத்தேன். அதற்குப் பிறகு நூல் ஏறிக்கொண்டே போனது. ஒரு கிலோ துணியில் எனக்கு எட்டு பீஸ் வரும். கிலோவுக்கு நூறு ரூபாய் ஏறினால் பீசுக்குப் பன்னிரண்டரை ரூபாய் கூடுதல் செலவு. என் லாபமே பீசுக்கு ஐந்து ரூபாய்தான். இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். நான் போடவில்லை. நஷ்டத்தை ஓட்டத்தில் பிடித்துவிடலாம் என்று இன்னும் பெரிய ஆர்டர் எடுத்தேன். பஞ்சு இறக்குமதி வரியை 2022 ஏப்ரலில் எடுத்தார்கள், விலை இறங்கவில்லை. மே 16, 17 தேதிகளில் ஊரே கம்பெனிகளை அடைத்துப் போராடியது. அப்புறம் வருடக் கடைசிக்குள் நூல் சரிந்தது. அப்போது என் கையில் இருந்ததோ உச்ச விலைக்கு வாங்கிய துணி. ஏறும்போதும் அடி, இறங்கும்போதும் அடி.

விலை எல்லோருக்கும்தான் ஏறியது, எல்லோரும் மூடவில்லை. என் கோளாறு வேறு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடியபோது, துணியை வெளியூர் அனுப்பி சாயம் போட்டு வாங்கித் தப்பித்தவன் நான். நோட்டு செல்லாமல் போனபோதும் தப்பித்தேன், ஜிஎஸ்டி வந்தபோதும், 2020 ஊரடங்கிலும் தப்பித்தேன். நாலு முறை தப்பித்தவனுக்கு ஐந்தாவது முறையும் தப்பிப்போம் என்ற திமிர் வந்துவிடுகிறது. போனை அணைத்து வைக்கப் பழகினேன். மூன்று பேருக்கு ஒரே ‘வர வேண்டிய பணத்தை’க் காட்டி தவணை சொன்னேன்.

முதல் நன்றி நூல்கடை ஐயாவுக்கு. 2022 செப்டம்பரில் இன்னும் ஒரு லோடு கேட்டு வந்தேன். வட்டி கூடப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நீங்கள் டீ சொன்னீர்கள். டீ வரும் வரை எதுவும் பேசவில்லை. குடித்து முடித்ததும், “உங்களுக்கு இனி நூல் தர மாட்டனுங்க தம்பி. நான் கொடுத்தா நீங்க இன்னும் ஆறு மாசம் ஓட்டுவீங்க. அந்த ஆறு மாசத்துல வீடும் போயிருமுங்க. போய் மூடுற வேலையப் பாருங்க” என்றீர்கள். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து உங்களைத் திட்டினேன், சத்தமாகவே. உங்களுக்கு நான் பதினொன்றரை லட்சம் பாக்கி. இன்னொருவராக இருந்தால் பழைய பாக்கியைப் பிடிப்பதற்காகவே புது லோடு கொடுத்து ஓடவிட்டிருப்பார். அன்று திட்டியதற்கு மன்னியுங்கள். பிறகு கணக்கு முடிக்கும்போது ஒரு லட்சத்தைத் தள்ளினீர்களே, அதைவிட அந்த டீ பெரியது எனக்கு.

அடுத்து ஆடிட்டர் சார். ரிட்டர்ன் போடுவதற்கு வருடம் மூன்று முறை பார்க்கிற மனிதர், அவ்வளவுதான் பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னீர்கள். டெய்லி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், யார் யாருக்கு எவ்வளவு என்று என்னையே எழுத வைத்தீர்கள். மனதில் 38 லட்சம் என்று வைத்திருந்தேன். எழுதி முடித்துக் கூட்டினால் 53,40,000. கை நடுங்கியது. “இப்பத்தான் கடன் எவ்வளவுன்னு தெரியுது, இனிமேதான் பேச முடியும்” என்று சொல்லிவிட்டு, அந்தத் தாள்களைச் சீட்டுக்கட்டு போல வரிசை மாற்றி அடுக்கினீர்கள். ஆட்கள் சம்பளம் மேலே. அதற்குக் கீழே காஜா பட்டன் போடுகிறவர், அயர்ன் பண்ணுகிறவர் மாதிரி சின்ன ஜாப் ஒர்க்காரர்கள். அதற்குக் கீழே நிட்டிங், டையிங், பைனான்ஸ். வங்கியை ஓரமாகத் தனியாக வைத்தீர்கள். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்கு முன்னாலேயே போய் மேனேஜரைப் பாருங்கள், மெஷின் வங்கிக்கு ஈடாக இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒரு ஊசியைக் கூட விற்காதீர்கள் என்றீர்கள். ஒரே தவணையில் குறைத்துக் கட்டி முடித்தால் சிபிலில் ‘செட்டில்டு’ என்று நிற்கும், பின்னால் கடன் கேட்கும்போது உறுத்தும் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

சிறு தொழில்காரனிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 முதலே சட்டம் இருக்கிறதாம், தராவிட்டால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியாம். கேட்டுவிட்டுச் சிரித்தேன். புகார் கொடுத்தால் அந்த வியாபாரி மட்டும் இல்லை, அவர் தெருவே எனக்கு ஆர்டர் தராது. “இனிமேல் உங்களுக்கு ஆர்டர் எதுக்கு?” என்று கேட்டீர்கள் பாருங்கள். மூடுகிறவனுக்குப் பயம் தேவையில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புகார் கொடுக்கப் போகிறேன் என்று போனில் சொன்னதற்கே ஒன்பது லட்சம் வசூலானது.

மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடு என்று சொன்னவர்களும் உண்டு. அதையும் விசாரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. 1920ஆம் வருடத் திவால் சட்டம், 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாமாம். கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவரவர் நெருக்கடி அவரவருக்கு. எனக்குப் பெருமாநல்லூர் பக்கம் ஒரு சைட் இருந்தது. மகளுக்கென்று வாங்கிப் போட்டது, அதை விற்றேன். 24 லட்சம் கிடைத்தது.

பக்கத்து வீட்டு வக்கீல் அக்காவுக்கு. பைனான்ஸ்காரர் என் செக்கை வங்கியில் போட்டு, அது பணமில்லாமல் திரும்பி, நோட்டீஸ் வந்த அன்று மறுநாளே போலீஸ் வந்து கூட்டிப்போய்விடும் என்று நினைத்து மாற்றுத்துணி எடுத்து வைத்தவன் நான். நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, காய் நறுக்கிக்கொண்டே விளக்கினீர்கள். நோட்டீஸ் கையில் கிடைத்து 15 நாள் அவகாசம், அதற்குள் கட்டாவிட்டால்தான் அவர் கோர்ட்டுக்குப் போக முடியும், போனாலும் எந்தக் கட்டத்திலும் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்று. கடைசியில் லோக் அதாலத்தில் முடிந்தது. பீஸ் எவ்வளவு என்றதற்கு, பிள்ளைக்கு யூனிபார்ம் இடுப்புப் பிடித்துத் தரச் சொன்னீர்கள். என் மனைவி தைத்துக் கொடுத்தாள்.

மெக்கானிக் அண்ணா, உங்களைப் பற்றித்தான் அதிகம் எழுத ஆசை. புரோக்கர் 22 மெஷினையும் மொத்தமாக மூன்றரை லட்சத்துக்குக் கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். நீங்கள்தான் குறுக்கே விழுந்து, “ஒவ்வொண்ணா போகட்டும் தம்பி, அவசரப்படாதீங்க” என்றீர்கள். வங்கி அனுமதி வந்ததும் நாலு மாதம், ஞாயிறு ஞாயிறாக வந்தீர்கள். ஓவர்லாக் மெஷினைத் திறந்து பஞ்சை ஊதி, ஆயில் மாற்றி, லூப்பரைச் சரிபார்த்து, ஒரு துண்டுத் துணியில் நாலு வரி தைத்து வாங்க வந்தவரிடம் காட்டுவீர்கள். பேட்லாக் மெஷினுக்கு ஒரு விலை, சிங்கர் மெஷினுக்கு ஒரு விலை. மொத்தம் 6,80,000 வந்தது. கமிஷன் கவரை நீட்டியபோது அதை வாங்காமல், மூலையில் கிடந்த பழைய பெல்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போனீர்கள். கடைசி மெஷினுக்கு ஆள் வந்தபோது, நீங்களாகவே “இது ரிப்பேரு” என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். எனக்குக் குழப்பம். அது நன்றாக ஓடுகிற மெஷின். ஆள் போனதும், “வீட்டுக்கு ஒண்ணு வேணும்ங்க” என்றீர்கள். அதற்கான பணத்தை நீங்களே வங்கிக் கணக்கில் கட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து என்னிடம் வாங்கிக்கொண்டீர்கள். இன்றைக்கு எங்கள் வீட்டு அடுப்பு எரிவதில் பாதி அந்த மெஷினால்தான்.

அந்த நாட்களில் வாட்ஸாப்பில் பதினோரு பேர் ‘தோல்வியே வெற்றிக்கு முதல் படி’ படத்தை அனுப்பினார்கள். நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள். பனி மூடிய ஒரு மலை. அது எந்த ஊர் என்று என் மகள் கேட்டாள், சொல்லத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று மனைவியிடம் கேட்டேன், எழுது என்றாள். தீபாவளிக்கு அவள் நகையை வைத்து ஆட்களுக்குப் போனஸ் கொடுத்து, ஊருக்கு வழியனுப்பிவிட்டு, நவம்பரில் ஷட்டரை இறக்கினேன். அதற்கடுத்த மூன்று வாரம் என் புத்தி நல்ல வழியில் போகவில்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்காமல் 104க்கு போன் போட்டு, அவர்கள் சொன்னபடி மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். அந்த டாக்டரம்மா என்னிடம் தொழிலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், இவ்வளவுதான். மாத்திரை ஐந்து மாதம். டாக்டர், இப்போது பத்தரைக்குத் தூங்கிவிடுகிறேன்.

மாமனாருக்கு. கம்பெனி மூடியதற்கு அடுத்த தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. உங்களுக்கும் ஆறு லட்சம் தர வேண்டும், இப்போதும் தர வேண்டும். மண்டபத்தில் உங்கள் கண்ணில் படாமல் கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். ஏற்கெனவே சாப்பிட்டுக் கை கழுவியிருந்த நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு இலை போடச் சொன்னீர்கள். எதிரே இருந்த பங்காளிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மாப்ளைக்கு ரசம் ஊத்துப்பா” என்று குரல் கொடுத்தீர்களே தவிர வேறு எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொந்தத்தில் ஒருத்தரும் என்னைக் கடனைப் பற்றி விசாரிக்கவில்லை.

இப்போது நான் வேறொருவர் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். சனிக்கிழமை சம்பளம் கொடுத்த கை, சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறது. முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் பணத்தை எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் தொழில் தொடங்குவீர்களா என்று கேட்கிறார்கள். மாமனார் பணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

என்னிடம் வேலை செய்த ஆட்களின் சம்பள பாக்கியை எல்லோருக்கும் கணக்கு முடித்துவிட்டேன். செக்கிங் அக்கா, நீங்கள் “பொறவு கொடுங்க சாமி” என்று மூன்று முறை திருப்பி அனுப்பியது ஞாபகம் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை. ஒடிசாப் பையன், பேட்லாக் டெய்லர், இடது கையால் கத்தரி பிடிப்பான், டீயில் பன்னை முக்கித்தான் சாப்பிடுவான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாக ரயில் ஏறினான். மூன்று நாள் சம்பளமும் போனசும் பாக்கி. அவன் நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது, நாலு முறை கூப்பிட்டு அவர்களிடம் திட்டு வாங்கிவிட்டேன். அங்கேரிபாளையம் பக்கம் அவனோடு ரூமில் தங்கியிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவனிடம் சொல்லுங்கள். பணம் கவரில் போட்டு, வீட்டு மெஷின் டிராயரில் இருக்கிறது.