முதல் பூவுக்கு ஒரு தேதி போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வாசகர்கள் அனுப்பிய வசந்தகாலப் படங்களை ஒவ்வொன்றாக ரசித்துப் பார்த்தேன். ஜப்பானில் எடுத்த செர்ரிப் பூ, காஷ்மீர் துலிப் தோட்டம் எல்லாமே அழகுதான், எடுத்தவர்களுக்கு என் வாழ்த்து. ஆனால் அந்தப் பக்கத்தில் நம் ஊர் மரம் ஒன்றுகூட இல்லையே என்று மனசு கொஞ்சம் கனத்துப் போனது. நமக்கு ஏது வசந்தம், பனி போனால் வெயில்தான் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கணக்குப்படி சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில், மரங்கள் அதுவரை பொறுப்பதில்லை. மாசியிலேயே இலையெல்லாம் கொட்டி நிற்கிற இலவ மரத்திலும் கல்யாண முருங்கையிலும் சிவப்பாகப் பூ வெடித்து, விடிந்தால் மைனாவும் கரிச்சானும் அங்கேதான் கிடக்கின்றன. பிறகு புங்கை, மாவிலங்கம், வேம்பு, அப்புறம் சரக்கொன்றை. புரச மரத்தின் பெயரில் சென்னையில் ஒரு பேட்டையே இருக்கிறது, ஆனால் அந்தப் பூவை மரத்தில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எங்கள் வீடு திருச்சியில், வாசலுக்கு எதிரே ஒரு புங்கை. பல வருடம் நான் அது பூத்ததைத் தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலையில் கோலம் போடப் போன அம்மா, "புங்கை பொரியைக் கொட்ட ஆரம்பிச்சுடுச்சு" என்று குரல் கொடுப்பார், நான் போனை எடுத்துக்கொண்டு ஓடுவேன். (சங்கப் புலவர்களும் புங்கம்பூவுக்குப் பொரியைத்தான் உவமை சொன்னார்கள் என்பது பிற்பாடு படித்தபோது தெரிந்தது, அம்மாவிடம் சொன்னதும் அவருக்கு அன்றைக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.) ஆனால் உதிர்கிறது என்றால் அது பூத்து ஏற்கெனவே நாளாகிவிட்டது என்றுதானே அர்த்தம், அது எனக்கு உறைக்கவே சில வருடம் ஆனது. அதற்குப் பிறகுதான் பழுத்த இலை விழுந்து பளபளவென்று இளம்பச்சைத் தளிர் விடும்போதே தினமும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். தளிர்களுக்கு நடுவே, வெள்ளையா இளஞ்சிவப்பா ஊதாவா என்று சொல்ல முடியாத நிறத்தில் அவரைப்பூ போல ஒரு சின்னப் பூ விரிந்திருந்ததை முதல்முறை கண்டுபிடித்த அன்று நான் பட்ட சந்தோஷத்தை இங்கே எழுத வரவில்லை. படம் சரியாக விழவில்லை, கிளை காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அதுதான் என்னிடம் உள்ள படங்களிலேயே எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் தேதி இருக்கிறது.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி பூத்த நாட்களைப் பழைய நாட்குறிப்புகளிலிருந்து திரட்டி 9-ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போயிருக்கிறார்கள். 2021-இல் மார்ச் 26 அன்று மரங்கள் முழுக்கப் பூத்தபோது, 1,200 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது, காரணம் யாரோ எப்போதோ ஒரு வரி எழுதி வைத்தார்கள். டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தில் இதற்கென்றே குறித்து வைத்த ஒரு மரம் இருக்கிறது, அதில் ஐந்தாறு பூ விரிந்தால்தான் ஊரில் செர்ரி பூத்துவிட்டதாக அறிவிப்பார்கள். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் இப்படி முதல் பூ, முதல் தளிர், முதல் குயிலோசை என்று குறிக்கத் தொடங்கி, அவர் குடும்பத்தார் 1958 வரை எழுதியிருக்கிறார்கள்.

நம்மிடம் இந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை. சங்கப் பாட்டில், கொன்றை பூத்ததைப் பார்த்து, கார்காலம் வந்துவிட்டதே, பிரிந்து போனவர் இன்னும் வரவில்லையே என்று தலைவி கலங்குகிறாள், அது பருவம் தெரியாமல் ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி தேற்றுகிறாள். பூவைப் பார்த்துக் காலம் சொன்னவர்கள் நாம், வருடக் கணக்கில் எழுதி வைக்கத்தான் விட்டுவிட்டோம். பக்கத்தில் கேரளத்தில் விஷுவுக்கு வேண்டிய கணிக்கொன்னை, அதாவது நம் சரக்கொன்றை, முன்னாலேயே பூத்துவிடுகிறது என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் 'சீசன்வாட்ச்' திட்டத்தில் ஆளுக்கொரு மரம் எடுத்து, வாராவாரம் இலை, பூ, காய் என்று பார்த்துப் பதிகிறார்கள்.

ஆளுக்கொரு மரம் என்பதுதான் முக்கியம். எங்கள் தெருவிலேயே இரண்டு புங்கைகள் ஒரே நாளில் பூப்பதில்லை, ஒரு வருடம் இதையும் மறு வருடம் அதையும் எடுத்தால் கணக்கு கெட்டுவிடும்.

வேப்பம்பூ எடுப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். பூவே ஒரு சென்டிமீட்டர் இருக்குமோ என்னவோ, வெள்ளை நிறம் வெயிலில் வெளுத்து ஒன்றுமில்லாமல் போய்விடும். விடிகாலையில் காற்று எழும்புமுன் போங்கள், தாழ்ந்த கிளையாகப் பார்த்து இன்னொரு கையைப் பூவுக்குப் பின்னால் நிழலாகப் பிடியுங்கள், திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு எப்படியும் பறிக்கப் போகிறோம், முதல் கொத்தாவது மரத்தில் இருக்கட்டும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அதனுள் இருக்கும் தேதியும் இடமும் அழிந்துவிடும், ஃபைலாக அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கீழே கையால் எழுதிவிட வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மாசி முதல் சித்திரை வரை இதழில் கால் பக்கம் ஒதுக்கி, வாசகர்கள் எடுத்த முதல் பூப் படங்களை மரத்தின் பெயர், ஊர், நாள் மூன்றோடும் போடுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, நாள் இல்லாத படத்தை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். இருபது வருடம் கழித்து ஒருவர் பழைய இதழ்களைப் புரட்டினால் தஞ்சாவூர் வேம்பு எப்போது பூத்தது, தென்காசிப் புங்கை எப்போது பூத்தது என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் புங்கையின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், நாள் பின்னால் எழுதியிருக்கிறது. தெருமுனை மாவிலங்கம் இன்னும் மொட்டாகத்தான் இருக்கிறது, விரிந்த அன்றே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி